பங்சமோரோ: பெயர் கிடைத்தது, எல்லை கிடைத்ததா?

பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே மிண்டனாவ் என்று ஒரு பெரிய தீவு. அதன் மேற்குக் கரையில் கோட்டபாட்டோ நகரம். முஸ்லிம்களுக்கென அமைந்த தன்னாட்சிப் பகுதியின் அரசு 1990 முதல் 2019 வரை இந்த நகரத்தில் இருந்துதான் நடந்தது. ஆளுநர் அலுவலகம், சட்டமன்றம், துறை அலுவலகங்கள் எல்லாம் இங்கேதான். ஆனால் கோட்டபாட்டோ அந்தத் தன்னாட்சிப் பகுதியில் சேர்ந்த ஊர் அல்ல. 1989இலும் 2001இலும் வாக்கெடுப்பு நடந்தபோது, நாங்கள் சேரவில்லை என்று நகர மக்கள் சொல்லிவிட்டார்கள். தனக்கு உரிமையில்லாத மண்ணில் ஓர் அரசு ஏறக்குறைய முப்பது ஆண்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது ஏன்? அந்தப் பகுதிக்குப் பெயர் வந்த கதையையும் எல்லை போட்ட கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் மக்கள். சூலு தீவுகளில் தவ்சூக், லனாவ் ஏரியைச் சுற்றி மரனாவ், ஆற்றுச் சமவெளியில் மகிந்தனாவ், பசிலான் தீவில் யாக்கன், கடலோரங்களில் சாமா. ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனி வழக்கம். பொதுவாக இருந்தது இஸ்லாம். சூலுவிலும் மகிந்தனாவிலும் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. சூலு சுல்தானியம் ஸ்பானியர் வருவதற்கு நூறாண்டுக்கு முந்தியது.

1565இல் ஸ்பானியர் வந்தார்கள். அவர்களுடைய சொந்த நாட்டில் கிரானடா என்ற கடைசி முஸ்லிம் அரசை வீழ்த்தி அப்போது எண்பது ஆண்டுகூட ஆகவில்லை. அங்கே எதிரியை என்ன பெயர் சொல்லி அழைத்தார்களோ, அதே பெயரை இங்கே தொழுகை நடத்திய மக்கள்மீதும் வைத்தார்கள்: மோரோ. போர்த்துக்கீசியர் இலங்கையில் செய்ததும் இதேதான். அங்குள்ள முஸ்லிம்களுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஆங்கிலத்தில் ‘மூர்’ ஆகி, இன்றுவரை அரசுக் கணக்கெடுப்பில் நிற்கிறது. தமிழில் அவர்களைச் சோனகர் என்கிறோம். பிலிப்பைன்ஸில் அந்தச் சொல் வெறும் அடையாளமாக நிற்கவில்லை. ‘மோரோ-மோரோ’ என்றே ஒரு நாடக வகை ஊர் ஊராக நடந்தது. அதில் கிறிஸ்தவ வீரன் ஜெயிப்பான், மோரோ தோற்பான். திருவிழாதோறும் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மோரோ என்றால் கொடியவன்.

ஸ்பானியரால் இந்தத் தெற்கு மண்ணை முழுமையாகப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் 1898இல் பாரிஸ் ஒப்பந்தத்தில், இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் பிலிப்பைன்ஸைக் கொடுத்தபோது இதையும் சேர்த்தே கொடுத்தார்கள். மறு ஆண்டே அமெரிக்கத் தளபதி பேட்ஸ், சூலு சுல்தானோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்: உங்கள் மதத்திலும் வழக்கத்திலும் தலையிட மாட்டோம். 1904இல் அமெரிக்கா அதை ஒருதலையாக ரத்து செய்தது. 1906இல் புத் தாஹோ எரிமலையின் வாய்ப்பள்ளத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் அங்கே இறந்தார்கள்.

துப்பாக்கியைவிட ஆழமாகப் பாய்ந்தது நிலச் சட்டம். 1919இன் சட்டப்படி, குடியேற வரும் ஒருவர் 24 ஹெக்டேர் அரசு நிலம் கேட்கலாம், அதாவது சுமார் அறுபது ஏக்கர். ‘கிறிஸ்தவர் அல்லாதார்’ என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு 10 ஹெக்டேர்தான். 1936இல் அதையும் திருத்தினார்கள்: வருகிறவருக்கு 16, மண்ணின் மக்களுக்கு 4. சொந்த ஊரிலேயே, பாட்டன் பூட்டன் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டுப் போனவனுக்கு நாலில் ஒரு பங்கு. பட்டா என்ற ஒன்றே அவர்கள் வழக்கத்தில் இல்லை என்பதால் பலர் கேட்கப் போகவும் இல்லை. வடக்கிலிருந்தும் நடுத்தீவுகளிலிருந்தும் மக்கள் கப்பல் கப்பலாக வந்து குடியேறினார்கள். அவர்களும் நிலமற்ற ஏழைகள்தான். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் 1903 கணக்கெடுப்பில் மிண்டனாவ், சூலு பகுதியில் நான்கில் மூன்று பங்காக இருந்த முஸ்லிம்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு ஆனார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லா வாக்கெடுப்பையும் தீர்மானித்தது இதுதான்.

1968 மார்ச்சில் மணிலா விரிகுடாவில் இருக்கும் கொரெஹிடோர் தீவில் இளம் முஸ்லிம் வீரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலேசியாவின் சபா மாநிலத்துக்குள் ஊடுருவ அரசு ரகசியமாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள். உயிர் தப்பிய ஒருவர் சொன்னபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஜபிதா படுகொலை என்பார்கள். அதற்குப்பின் எழுந்த இளைஞர்களில் ஒருவர் நூர் மிசுவாரி, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர், சூலுக்காரர். அவர் தலைமையில் உருவானது மோரோ தேசிய விடுதலை முன்னணி.

வசையாக இருந்த ‘மோரோ’வை இந்தத் தலைமுறைதான் கையில் எடுத்தது. ‘பங்சா’ என்ற மலாய்ச் சொல்லோடு சேர்த்துப் பங்சமோரோ என்றது. நாம் வம்சம் என்கிறோமே, பங்சாவும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். மலாயில் அது இனம், தேசம் என்ற பொருளுக்கு விரிந்துவிட்டது. தவ்சூக்கையும் மரனாவையும் யாக்கனையும் ஒரே மக்களாக நிறுத்த வேறு பொதுச்சொல் இல்லை. வசைச்சொல்லை எடுத்தது வீம்பு அல்ல, தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1972இல் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார், போர் வெடித்தது. 1974 பிப்ரவரியில் சூலுவின் ஹோலோ நகரமே எரிந்தது. 1976 டிசம்பரில் லிபியாவின் கடாஃபி நடுவில் நின்று திரிபோலி ஒப்பந்தம் செய்துவைத்தார்: 13 மாகாணங்களுக்குத் தன்னாட்சி. ஆனால் அதன் கடைசிப் பகுதியில் ஒரு வரி, ‘அரசியலமைப்பு நடைமுறைப்படி’ நிறைவேற்றப்படும் என்று. மார்கோஸ் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தினார். பதின்மூன்றில் பலவற்றில் அதற்குள் குடியேறியவர்களே பெரும்பான்மை. ஒன்றாக இருக்க வேண்டிய பகுதி, அதிகாரமில்லாத இரண்டு துண்டுகளாக முடிந்தது. இயக்கமும் உடைந்தது, அதன் தலைவர்களில் ஒருவரான ஹாஷிம் சலாமத் பிரிந்துபோய் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியை அமைத்தார்.

மார்கோஸ் போனபின் வந்த 1987 அரசியலமைப்பு, முஸ்லிம் மிண்டனாவில் தன்னாட்சிப் பகுதி அமையும் என்று எழுதியது; ஆம் என்று வாக்களிக்கும் மாகாணங்களும் நகரங்களும் மட்டுமே சேரும் என்றும் எழுதியது. 1989இல் 13 மாகாணங்களையும் 9 நகரங்களையும் கேட்டார்கள். ஆம் என்றவை நான்கே மாகாணங்கள்: லனாவ் டெல் சூர், மகிந்தனாவ், சூலு, தாவி-தாவி. இரண்டு பெருந்தீவில், இரண்டு கடலுக்கு அப்பால். பின்னால் தலைநகரான கோட்டபாட்டோ வெளியே. பெயரிலும் பங்சமோரோ இல்லை. ‘முஸ்லிம் மிண்டனாவ் தன்னாட்சிப் பகுதி’ என்று இடத்தையும் மதத்தையும் சொன்னதே தவிர, மக்களின் பெயரைச் சொல்லவில்லை. 2001இல் மராவி நகரமும், இசபெலா நகரம் நீங்கலாகப் பசிலானும் சேர்ந்துகொண்டன.

2008இல் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையே பரம்பரை நிலம் குறித்து ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. மலேசியாவில் விழாவுக்கு எல்லாம் தயாராக இருந்த நிலையில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பிறகு செல்லாது என்றது. மீண்டும் சண்டை, லட்சக்கணக்கானோர் அகதிகள். 2014 மார்ச்சில்தான் முழு ஒப்பந்தம் வந்தது. அரசுத் தரப்பில் கையெழுத்திட்ட மிரியம் கொரோனெல்-ஃபெர்ரர் ஒரு பேராசிரியை. இப்படியொரு பெரிய சமாதான ஒப்பந்தத்தில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட பெண்கள் உலகத்தில் அரிது.

2018 ஜூலையில் அந்த ஒப்பந்தத்துக்கான சட்டம் நிறைவேறியது. பகுதியின் புதிய பெயர்: ‘முஸ்லிம் மிண்டனாவில் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி’. நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். அரசியலமைப்பில் இருப்பது ‘முஸ்லிம் மிண்டனாவ்’, மக்கள் கேட்டது ‘பங்சமோரோ’. இரண்டையும் சேர்த்துக் கட்டிய பெயர் இது. சட்டத்துக்குள் போய்ப் பார்த்தால், பங்சமோரோ யார் என்ற விளக்கத்தில் மதமே இல்லை. காலனி ஆட்சி வந்தபோது அந்த மண்ணில் இருந்தவர்கள், அவர்கள் வழிவந்தவர்கள், தங்களை அப்படி அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. மலைகளில் வாழும் தெடுராய் போன்ற பழங்குடிகள், நாங்கள் மோரோ அல்ல என்கிறார்கள். அவர்களுடைய விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பேரினவாதத்துக்கு எதிராகப் போராடி வந்த பெயர் தனக்குள் இருக்கும் சிறியவரை விழுங்கக்கூடாது. அந்த வரி ஏட்டில் நின்றுவிட்டால் போதாது.

2019 ஜனவரி 21இல் வாக்கெடுப்பு. பதினைந்து லட்சத்துக்கு மேல் ஆம், இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இல்லை. இந்த முறை கோட்டபாட்டோவும் ஆம் என்றது. அடுத்த மாதம் நடந்த இரண்டாம் சுற்றில் லனாவ் டெல் நோர்ட்டேயின் ஆறு ஊர்கள் ஆம் என்றும் சேர முடியவில்லை, மாகாணத்தின் மற்ற ஊர்கள் மறுத்துவிட்டதால். மகிந்தனாவுக்குப் பக்கத்து மாகாணத்திலிருந்து 63 கிராமங்கள் வந்தன. வரைபடத்தில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. 2024இல் அவற்றை எட்டு நகராட்சிகளாக்கினார்கள்.

இனி சூலு. 1,63,526 பேர் வேண்டாம் என்றார்கள், 1,37,630 பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் பழைய தன்னாட்சிப் பகுதி முழுவதையும் ஒரே அலகாக எண்ண வேண்டும் என்று சட்டம் சொன்னதால், மறுத்த சூலுவும் உள்ளே சேர்க்கப்பட்டது. 2024 செப்டம்பர் 9இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்து, சூலுவை விலக்கியது. என் பார்வையில் தீர்ப்பு சரி. மறுத்தவரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு அதைத் தன்னாட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் இழப்பு பெரிது. பழைய சுல்தானியம் சூலுவில். பேட்ஸ் உடன்படிக்கை சூலுவோடு. புத் தாஹோ சூலுவில். நூர் மிசுவாரியும் சூலுவின் மகன். அந்தச் சூலு இன்று பங்சமோரோவில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 80 பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்கு முதல் தேர்தல் 2022இல் நடந்திருக்க வேண்டும். அது 2025க்குத் தள்ளிப்போனது. சூலுவுக்கு ஒதுக்கியிருந்த ஏழு தொகுதிகளைப் பிரித்துக் கொடுப்பதில் வழக்கு வந்து, 2025 அக்டோபர் 13ஆம் தேதியும் தேர்தல் இல்லாமல் கடந்துபோனது. எல்லைக்காக வாக்களித்து ஆறு ஆண்டுக்கு மேலாகியும், அதுவரை அந்தப் பகுதியின் நாடாளுமன்றத்தை நடத்தியவர்கள் மணிலா நியமித்தவர்களே.