செயற்கைக்கோள் வகுப்பும் மறுமொழி நேரமும்



மொழியியலாருக்குச் செயற்கைக்கோளிடம் என்ன வேலை என்னும் ஐயம் இவ்வவையில் எழக்கூடும். தென்பசிபிக் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1968இல் தொடங்கப்பெற்ற அது, பிஜி, டோங்கா, கிரிபாட்டி, துவாலு முதலிய 12 நாடுகளுக்குப் பொதுவானது. தலைமை வளாகம் பிஜியின் சுவா நகரில், சட்டப்பள்ளி வனுவாட்டுவில். இடையில் கிடப்பது கடல். 1970களிலேயே ஏடிஎஸ்-1 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே தன் மையங்களோடு அது பேசத் தொடங்கிற்று. படம் இல்லை, குரல் மட்டுமே. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் தனக்கெனச் செயற்கைக்கோள் வலையமைப்பையே பெற்றது.

இங்கேதான் நம் துறை நுழைகிறது. இத்தகைய கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. குரல் ஏறி இறங்கக் கால் நொடி. மறுமொழி திரும்ப இன்னொரு கால் நொடி. ஒளியின் வேகத்தை எந்தப் பொறியாளராலும் கூட்ட இயலாது. அரை நொடி என்ன பெரிது என்பீர்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஐந்தில் ஒரு நொடியே எனக் கண்டது. அவற்றுள் ஜப்பானியம் மிக விரைவு. டேனிய மொழி சற்றுத் தாமதம். அதற்குமேல் நீளும் மௌனத்தை மனித மனம் தயக்கம் என்றோ அறியாமை என்றோ பொருள்கொண்டுவிடுகிறது. ஆசிரியர் அடுத்த மாணவரை அழைக்கிறார், அதே கணத்தில் முதல் மாணவரின் குரல் வந்து மோதுகிறது, இருவரும் நிறுத்திவிடுகின்றனர். தாய்மொழியல்லாத மொழியில் விடை தேடும் மாணவர் மறுபடியும் வாய் திறப்பது அரிது.

இப்பிழையை நாமும் செய்துள்ளோம். சரவாக் உட்பகுதியிலிருந்து கற்ற மாணவி ஒருவரின் மௌனத்தை அறியாமை எனக் கருதி அடுத்தவரை அழைத்தோம். மறுநாள் அவர் எழுதியனுப்பிய விடை, வகுப்பில் எவரும் கூறாத அளவுக்கு நிறைவாக இருந்தது. அதன்பின் மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து, மனத்துள் மூன்று எண்ணும் வழக்கத்தை மேற்கொண்டோம்.

ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய கோள்கள் இத்தாமதத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. கடலடிக் கம்பிவடம் வந்தபின் கோள் எதற்கு என்பாரும் உளர். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் கம்பிவடம் அறுந்தபோது, அந்நாட்டுக்குத் துணை நின்றவை செயற்கைக்கோள்களே.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்தைப் படம்பிடித்து அனுப்பும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. ஒருங்குறியில் தமிழெழுத்து இடம் மிகுதியாகக் கொள்ளும் என்பது உண்மைதான். ஓர் உயிரெழுத்துக்கு மூன்று பைட்டு, ஆங்கில எழுத்துக்கு ஒன்றே. ஆயினும் 2,000 குறியீடுகள் கொண்ட ஒரு பக்கம் தட்டச்சில் ஆறு கிலோபைட்டுதான். அதே பக்கத்தின் படம் ஒரு மெகாபைட்டைத் தொடும். உட்பகுதி மாணவர் அப்படம் இறங்குவதற்குள் வகுப்பு முடிந்துவிடலாம். தட்டச்சு செய்தே அனுப்புங்கள்.