கடலில் கடினமான வேலை எது?



ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மலை மேலே முருகன் கோயில் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. தில்லியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும்.

ஆனால், கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்ற ஒரு படை இருக்கிறது. அதன் தலைமையகம் தில்லியில்தான் இருக்கிறது. அதன் பெயர் இந்தியக் கடலோரக் காவல் படை. 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி அது வேலையைத் தொடங்கியது. 1978-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது.

இந்தப் படை பார்த்துக்கொள்ள வேண்டிய கடல் எவ்வளவு பெரியது தெரியுமா? இந்தியாவின் நிலம் சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆபத்து வந்தால் இந்தியா தேடிக் காப்பாற்ற வேண்டிய கடலோ 46 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலத்தைவிடக் கடல் பெரிது!

இந்தப் படையில் மிகவும் கடினமான வேலை எது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை, கேட்பது. சென்னை, மும்பை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய மூன்று ஊர்களில் கடல் மீட்பு மையங்கள் உள்ளன. அங்கே இரவும் பகலும் ஆட்கள் விழித்திருக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வரும். காற்று இரைச்சல், எஞ்சின் சத்தம், பயம் எல்லாம் அந்தக் குரலில் கலந்திருக்கும். பேட்டரி எப்போது தீரும் என்று தெரியாது. அதற்குள் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்தப் படகு? எந்த இடம்? எத்தனை பேர்? என்ன ஆபத்து? ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் கப்பல் வேறு திசைக்குப் போய்விடும்.

இரண்டாவது வேலை, தேடுவது. கடலில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே இருக்க மாட்டார். காற்றும் நீரோட்டமும் அவரை இழுத்துக்கொண்டு போகும். நேரம் ஆக ஆகத் தேட வேண்டிய வட்டம் பெருகும். 10 கிலோமீட்டர் தூரம் வரை சுற்றித் தேடினால் அது சுமார் 314 சதுர கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் வரை தேடினால் எவ்வளவு? இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! சுமார் 1,256 சதுர கிலோமீட்டர். மேலே விமானத்திலிருந்து பார்த்தால், தண்ணீரில் மிதக்கும் மனிதரின் தலை ஒரு தேங்காயைவிடச் சிறியதாகத் தெரியும். எங்கு பார்த்தாலும் வெள்ளை அலை. கண் இமைக்கும் நேரத்தில் ஓர் உயிர் தவறிப் போகலாம்.

மூன்றாவது வேலை, இறங்குவது. ஹெலிகாப்டர் கடலுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும். அதிலிருந்து ஒருவர் கம்பிக் கயிற்றில் தொங்கி இறங்குவார். கீழே கப்பல் ஆடும். மேலே ஹெலிகாப்டர் ஆடும். நடுவே அவர் ஆடுவார். அடிபட்டவரைக் கட்டிப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும்.

2024 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு, குஜராத்தில் போர்பந்தருக்கு அருகே இப்படி ஓர் அழைப்பு வந்தது. 'ஹரி லீலா' என்ற கப்பலில் ஒருவருக்கு அடிபட்டிருந்தது. அவரை மீட்க நான்கு பேருடன் ஹெலிகாப்டர் பறந்தது. அது கடலில் விழுந்தது. ஒருவர் மட்டுமே பிழைத்தார். மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் உடல் ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. முகம் தெரியாத ஒரு மாலுமிக்காகப் போனவர்கள் அவர்கள்.

நான்காவது வேலை, நெருப்போடு போராடுவது. கடல் முழுக்கத் தண்ணீர்தானே, தீயை அணைப்பது எளிது என்று நினைக்கலாம். அப்படி இல்லை. 2020 செப்டம்பரில் இலங்கைக்குக் கிழக்கே 'நியூ டைமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. அதில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய் இருந்தது. தீ எண்ணெய்த் தொட்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகும்? இந்தியக் கப்பல்களும் இலங்கைக் கப்பல்களும் பல நாட்கள் சேர்ந்து நின்று தண்ணீரும் நுரையும் பீய்ச்சின. கப்பல் ஊழியர் ஒருவர் இறந்துவிட்டார். மற்ற 22 பேரும் பிழைத்தார்கள். அந்த எண்ணெய்ச் சரக்கு கடலில் கொட்டவில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. அது, "இனித் தேட வேண்டாம்" என்று சொல்வது. பல நாள் தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் யாரோ ஒருவர் அந்த முடிவை எடுக்க வேண்டும். கரையில் ஒரு தாய் காத்திருப்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரைக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை. பலரிடம் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. புயல் வருவதே பலருக்குத் தெரியவில்லை. கடலோரக் காவல் படை, கடற்படை, விமானப் படை மூன்றும் தேடின. மீனவர்களும் தங்கள் படகுகளில் தேடப் போனார்கள். "தேடியது போதாது, இன்னும் தூரம் போய்த் தேடுங்கள்" என்று கேட்டு, மீனவர் குடும்பங்கள் குழித்துறையில் ரயிலை மறித்தன. பலர் திரும்பி வரவே இல்லை.

தேடியவர்கள் உழைத்தார்கள். காத்திருந்தவர்களின் கோபமும் நியாயமானது. எங்கே தேடுவது என்று தெரியாததுதான் பெரிய துயரம்.

அதற்கு வழி என்ன? இஸ்ரோ ஒரு கருவியை உருவாக்கியிருக்கிறது. அது செயற்கைக்கோள் வழியாகப் பேசும். ஆபத்து நேரத்தில் படகிலிருந்து கரைக்குச் செய்தி போகும். புயல் எச்சரிக்கை கரையிலிருந்து படகுக்கு வரும். 1 லட்சம் படகுகளில் இதை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024-இல் தொடங்கியது.

குடும்பமும் ஒன்று செய்யலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். படகின் பெயர், பதிவு எண், எத்தனை பேர் போனார்கள், எந்தப் பக்கம், எப்போது திரும்புவார்கள்? இந்த ஐந்தையும் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். அதன் அடியில் 1554 என்று எழுத வேண்டும். அது கடலோரக் காவல் படையின் அவசரத் தொலைபேசி எண்.

இங்கே ஆர்.கே.புரத்தில் இருப்பவர்கள் இதில் என்ன செய்ய முடியும்? கடற்கரை ஊரில் அண்ணனோ, மாமாவோ, மச்சானோ இருந்தால் இன்று இரவே தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொல்லலாம். இப்போது எழுதக் கற்றவர்கள் அந்தத் தாளைத் தாங்களே எழுதி ஊருக்கு அனுப்பலாம்.

நடுக்கடலில் கயிற்றில் தொங்கி இறங்குபவரின் வேலை அப்போதும் கடினம்தான். ஆனால் அவர் எங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.