கோலைக் கொடுப்பவளும் வாங்குபவளும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்றபடியால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சங்கச் செயலாளரும் அப்படித்தான் கேட்டார். ஆனால் இந்த மண்டபத்தில் நின்றுகொண்டு மாத்திரையைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. அந்த யன்னலால் பார்த்தால் விளையாட்டுத்திடல் தெரிகிறது. ஆகவே ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். ‘நாங்கள்’ என்று சொல்வது நால்வரை. ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி லண்டன், ஒருத்தி ரொறன்ரோ, ஒருத்தி மெல்பேர்ண். பதக்கம் எடுத்தவர்கள் அல்ல. கடைசி வரிசையில் ஓடி, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு முடிவுக்கோட்டைத் தாண்டுகிறவர்கள்.

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர்நிறுத்தம் இருந்த அந்தச் சில மாதங்களில், எங்கள் கல்லூரியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்தது. நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கள் இல்லத்தின் நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்ட அணி நாங்கள்தான். இருநூறு மீற்றர் சுற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் ஓடிவரும்வரை முதலிடம். நாலாவது ஆளின் கையில் கோல் தங்கவில்லை, விழுந்துவிட்டது. கடைசியாக வந்தோம். விழுந்தது அவளுடைய கையிலிருந்து என்றபடியால் அவளோடு ஒரு கிழமை மூவரும் கதைக்கவில்லை. அதைக் கண்ட எங்கள் விளையாட்டு ஆசிரியை நால்வரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “பிள்ளையள், கோல் ஒரு ஆளிட்டை இருந்து விழுறதில்லை. குடுக்கிறவளும் வாங்கிறவளும் சேர்ந்துதான் அதைத் தவற விடுறது.”

‘அடுத்த வருசம் வெல்லுவம்’ என்று கைகொடுத்துக்கொண்டோம். அடுத்த வருடம் வரவில்லை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்ததை இங்கிருக்கும் பலர் சொல்லாமலே அறிவீர்கள். மழை இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போன அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். வாழ்க்கையில் ஓடவேண்டிய நேரம் அதுதான், ஆனால் ஓட இடமில்லை. ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்திருக்கவேண்டும். பாலத்தடியில் நால்வரும் நாலு குடும்பங்களோடு பிரிந்தோம். மறுபடி நால்வரும் ஒன்றாகப் பேச இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும் வட்ஸ்அப் வந்த பிறகு.

ஓட்டத்தை முதலில் தொடங்கியது லண்டன்காரி. அங்கே சனிக்கிழமைக் காலையில் பூங்காக்களில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறார்கள். பணம் இல்லை. நடந்து முடிப்பவர்களுக்கும் கைதட்டுகிறார்கள். முதல் நாள் 47 நிமிடம் எடுத்தாள். படம் போட்டாள். நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதம் மூவரும் தொடங்கிவிட்டோம். அப்போது எங்களுக்கு முப்பத்தெட்டு வயது.

யாழ்ப்பாணத்தில் இது அவ்வளவு இலேசில்லை. விடிய ஐந்து மணிக்குப் பண்ணை வீதியால் மண்டைதீவுப் பக்கம் ஓடினால் இரு பக்கமும் கடல், நல்ல காற்று. ஆனால் நாற்பதை நெருங்கும் பெண் சப்பாத்துப் போட்டு ஓடினால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். முதற்கிழமை மீன் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் சைக்கிளை நிற்பாட்டி, “டொக்டர், ஏன் ஓடுறியள்? ஆருக்கும் ஏதும் அவசரமோ?” என்று கேட்டார். இல்லை, சும்மா ஓடுகிறோம் என்றதும் இன்னும் கவலைப்பட்டார். இப்போது அவர் எங்களைக் கண்டால் மணி அடித்துவிட்டுப் போகிறார். நாய்கள்தான் இன்னும் சமாதானமாகவில்லை.

எங்கள் வெற்றிகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ரொறன்ரோக்காரி 2022 ஒக்ரோபரில் அந்த நகரத்து ஏரிக்கரையில் அரை மரதன், அதாவது 21.1 கிலோமீற்றர், இரண்டு மணி 38 நிமிடத்தில் முடித்தாள். மெல்பேர்ண்காரி 2024இல் முழு மரதன் ஓடி, கிரிக்கெட் பார்க்க மட்டுமே போயிருந்த அந்தப் பெரிய மைதானத்துக்குள் தன் காலால் ஓடி நுழைந்தாள். ஐந்து மணி 12 நிமிடம். அவளுடைய மகன் எடுத்த காணொளியில் அவள் அழுதபடி ஓடுகிறாள். 1995இல் கோலைத் தவறவிட்டவள் அவள்தான்.

இனி, சொல்லத்தான் வந்த விடயம். லண்டன்காரிக்கு 2023 ஏப்ரல் லண்டன் மரதனில் இடம் கிடைத்தது. எங்கள் நால்வரில் முழு மரதனுக்கு முதலில் பதிந்தவள் அவள். பெப்ரவரியில் கணைக்கால் எலும்பில் வலி என்று எழுதினாள். எங்களில் ஒருத்தி வைத்தியர் அல்லவா? அந்த வைத்தியர் வாட்டிலிருந்து வீடு திரும்பும் வழியில் தொலைபேசியைப் பார்த்து, ‘ஓடுகிற எல்லோருக்கும் வருவதுதான், ஐஸ் வை, சப்பாத்தை மாற்று’ என்று இரண்டு வரி பதில் போட்டார். மற்ற இருவரும் ‘விடாதையடி’ என்று எழுதினார்கள். மார்ச்சில் இரவில் நித்திரை கொள்ள முடியவில்லை என்று அவள் எழுதியபோதும், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டாய்’ என்றுதான் நாங்கள் எழுதினோம்.

அன்று லண்டனில் மழை. ரவர் பாலத்தைத் தாண்டும்வரை ஓடினாள். இருபத்தைந்தாவது கிலோமீற்றருக்குக் கிட்ட நின்றுவிட்டாள். அவளுடைய எண் நகராமல் நின்றதை நாங்கள் மூவரும் மூன்று நாடுகளிலிருந்து தொலைபேசித் திரையில் பார்த்தோம். எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவு தெரிந்தது. குருதிப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பு மிகக் குறைவு. ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. வயதாகிறது என்று நினைத்திருந்தாள். உடல் மெலிந்தால் வேகமாக ஓடலாம் என்று இரவுச் சாப்பாட்டையும் விட்டிருந்தாள்.

இதில் எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஒரு நோயாளி வாட்டுக்கு வந்து இதே வலியைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். தோழி என்றபடியால் கேட்காமல் விட்டோம். அவள் எங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினாள். மூன்று மாதம் ஒரு சொல் இல்லை. அந்த இரண்டு வரிப் பதிலை எழுதிய வைத்தியர்தான் இப்போது உங்கள் முன் நிற்பது. தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டபோது மறுபக்கத்தில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு அவள் சொன்னாள்: “நீங்கள் மூண்டு பேரும் திரும்பவும் என்ரை கையிலை இருந்துதான் கோல் விழுந்தது எண்டு நினைப்பியளோ எண்டு பயந்துதான் ஓடினனான்.” வேப்பமரத்தடியில் கேட்ட பாடத்தை நால்வரும் மறந்திருந்தோம்.

ஆகவே இந்தச் சபையில் நாற்பது, ஐம்பது வயதில் நடக்கவும் ஓடவும் தொடங்கியிருக்கும் அக்கா, தங்கைமாருக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிவைக்கிறோம். முதலாவது, எலும்பில் வலி என்றால் விரல் நுனியால் ஒரே இடத்தைத் தொட்டுக்காட்ட முடிகிறதா? கால் நீளத்துக்குப் பரவலாக நோவது பெரும்பாலும் ஓய்வுக்கு அடங்கும். ஒரே புள்ளியில் நோவது முறிவாக இருக்கலாம். இரண்டாவது, ஓடாத நேரத்திலும், இரவிலும் நோகிறதா? அப்படியென்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும். முதல் எக்ஸ்-கதிர்ப் படம் சரியாக இருந்தாலும் முறிவு இல்லை என்று அர்த்தமில்லை. மூன்றாவது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, போதியளவு சாப்பிடுகிறோமா? ஓடுகிற அளவுக்கு உண்ணாவிட்டால் உடல் முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பிலிருந்து எடுக்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடுவது ஆபத்து. ஆனால் மெதுவாக ஓடும் எங்களைப் போன்றவர்கள் பயத்தில் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்துத்தான். 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் முடிவில் குருதி கொடுத்த 488 பேரில் 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், போட்டிக்குக் குடியாதீர்கள்.

லண்டன்காரி மறுபடி ஓடுகிறாள். சாப்பிடுகிறாள், இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு நடையில் தொடங்கி, 2024 இலையுதிர்காலத்தில் பத்துக் கிலோமீற்றர் ஓடினாள். முழு மரதன் இனி ஓடுவாளா என்று நாங்கள் கேட்பதில்லை. அது அவளுடைய தீர்மானம். ஆனால் இன்று இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பேச அவளிடம் அனுமதி கேட்டபோது, “பேர் சொல்லாதை, மற்றதெல்லாம் சொல்லு, கேக்கிற ஆருக்காவது உதவும்” என்றாள்.

எங்கள் கல்லூரி தொடங்கிய காலத்தில் ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. 1928இல் ஆம்ஸ்ரர்டாமில்தான் முதலில் இடம் கொடுத்தார்கள். அங்கே 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்று சொல்லி, அந்தத் தூரத்தை 1960 வரை பெண்களுக்கு வைக்கவில்லை. பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில்தான் தொடங்கியது. அப்போது நாங்கள் பிறந்து நடக்கவும் பழகிவிட்டோம். எங்கள் நாட்டில் சுசந்திகா ஜயசிங்க 2000இல் சிட்னியில் 200 மீற்றரில் பதக்கம் வென்றார். 2023இல் முல்லைத்தீவைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் போட்டியில் தங்கம் வென்று வந்தார். அவரை நினைத்தால் நாற்பத்தைந்தில் ‘முழங்கால் நோகுது’ என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இப்போது இந்தத் திடலில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் குறைவு. ரியூசன், பரீட்சை. அம்மாமார் எங்களிடம் வந்து, ‘ஓட்டத்தை நிப்பாட்டிப்போட்டுப் படிக்கச் சொல்லுங்கோ டொக்டர்’ என்கிறார்கள். நாங்கள் சொல்வது: ஓடியதால் எங்களில் யாருக்கும் படிப்புக் கெடவில்லை. கெடுத்தது வேறு விடயங்கள், அவற்றை நீங்களும் அறிவீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் பிள்ளையை ஓட விடுங்கள். எலும்பு உறுதியாகும் வயது அதுதான். நாற்பதில் நாங்கள் தேடுவதை அவள் பதினைந்தில் சேமித்துக்கொள்வாள்.

இனி எங்கள் இலக்குகள். ரொறன்ரோக்காரி அடுத்ததாக முழு மரதன் ஓடப்போகிறாள். இந்த முறை எங்களிடம் வாராவாரம் வேகத்தை அல்ல, தூக்கத்தையும் சாப்பாட்டையும் அறிவிக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். மெல்பேர்ண்காரி ஐந்து மணிக்குள் வர முயன்று அடுத்த ஆண்டு 14 நிமிடம் பின்தங்கினாள். மறுபடி முயல்வாள். யாழ்ப்பாணத்தில் இருப்பவளுக்கு ஒரு அரை மரதன் போதும், அதுவும் இந்தத் திடலில்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருநூறு மீற்றர் சுற்றில் அரை மரதன் என்பது ஏறத்தாழ நூற்றைந்தரைச் சுற்று. கல்லூரியின் நூறு ஆண்டுக்கு நூறு சுற்று. மிச்சம் ஐந்தரை, அதை இப்போது படிக்கும் பிள்ளைகள் ஓடட்டும். அதிபர் அனுமதி தந்திருக்கிறார். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அஞ்சலோட்டமாக ஓடுகிறோம். ஒருவர் ஒரு சுற்று ஓடினால் போதும். ஓட முடியாதவர் நடக்கலாம். நடக்க முடியாதவர் கதிரையில் இருந்து சுற்றை எண்ணலாம். அதற்குக் கண்ணாடி போட்ட கணித ஆசிரியைகள் பலர் இங்கே இருக்கிறார்கள். தூர நாடுகளில் இருந்து இதை மலரில் வாசிப்பவர்கள் உங்கள் பூங்காவில் இருநூறு மீற்றர் நடந்துவிட்டுச் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், உங்கள் சுற்றையும் சேர்த்து எண்ணுவோம்.

கோல் ஒன்று செய்து வைத்திருக்கிறோம். விழுந்தால் பரவாயில்லை. இரண்டு பேருமாகக் குனிந்து எடுப்போம்.