மனச்சுமைக்கு ஒரு பெஞ்சு
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ் என்றே பேசிப் பழகிய இம்மேடையில் மனநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பால்கத்தி கையில் பட்டால் கட்டுப் போடுகிறோம். இரவெல்லாம் உறக்கமின்றி, பெரட்டுக்கு எழ மனமின்றி ஒருவன் கிடந்தால் "சோம்பேறி" என்கிறோம். இல்லையேல் பேய் பிடித்ததென்கிறோம். கிராணிமாரும் இதற்கு விலக்கல்லர்.

ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே என்றொரு நாடு. ஒன்றரைக் கோடி மக்களுக்கு மனநோய் டாக்டர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 2005-ல் அந்நாட்டுச் சர்க்கார் நகரத்து ஏழைகளின் குடிசைகளை இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர் 7 லட்சம் பேர் என ஐக்கிய நாட்டுச் சபை கணக்கிட்டது. அக்காலத்தில் டிக்சன் சிபாண்டா என்ற டாக்டரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வர அவளிடம் பஸ் காசு இல்லை!

நோயாளி வரமுடியாவிட்டால் வைத்தியம்தான் போகவேண்டும். யாரை அனுப்புவது? 2006-ல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார்கள். கிளினிக்கிலும் இடமில்லை, வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். டாக்டர் அதற்கு "மனநல பெஞ்சு" என்று பெயரிட, ஒருவரும் கிட்டே வரவில்லை. பாட்டிமார்கள்தாம் "நட்பு பெஞ்சு" என்று மாற்றச் சொன்னார்கள். படித்தவர் கற்கவேண்டிய பாடம் இது!

பெஞ்சில் நடப்பதென்ன? முதலில் 14 கேள்விகள். "குஃபுங்கிசிசா" என்பார்கள், அளவுக்கு மீறிய யோசனை என்று பொருள். பிறகு, வந்தவர் தம் கஷ்டங்களையெல்லாம் சொல்லுவார். அவற்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, அதற்கொரு வழியையும் அவரே காணவேண்டும்; பாட்டி துணையிருப்பார். செய்துபார்த்துவிட்டு மீண்டும் வரவேண்டும். இப்படி ஆறு முறை. தற்கொலை எண்ணம் உள்ளவரை மேற்பார்வையாளரிடம் அனுப்பிவிடுவார்கள்.

ஹராரேயில் 24 கிளினிக்குகளில் 573 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான கவனிப்புப் பெற்றவரில் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவரில் 14 பேரிடமே இருந்தன.

நிற்க. தொழிற்சங்கவாதி கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பாகிஸ்தானில் கிராமத்து லேடி ஹெல்த் ஒர்க்கர்கள் பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைப் பெரிதும் குறைத்துக் காட்டினார்கள்; 2008-ல் வந்த ஆய்வு அது. ஆனால் அதே வேலைக்காரப் பெண்கள் குறைந்தபட்சச் சம்பளமும் நிரந்தர வேலையும் கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் போராட வேண்டியிருந்தது. டாக்டர் இல்லாத குறையைக் கூலியில்லாத உழைப்பால் ஈடுகட்டப் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன?

ஆகவே, நம் தோட்டத்தில் இப்படியொரு பெஞ்சு வேண்டுமென்று தீர்மானம் போடுவோமானால், அதில் உட்காரும் தாய்மாருக்குச் சம்பளமும் பயிற்சியும், அவர்களுக்கு மேலே கேள்வி கேட்க ஒரு டாக்டரும் வேண்டுமென்று சேர்த்தே எழுதுவோம். லயத்தில் காலையில் பேசியது மாலைக்குள் மண்டோர் காதுக்குப் போய்விடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பெஞ்சில் சொன்னது ஆபீசு வாசலைத் தாண்டக்கூடாது என்பதையும் முதல் நிபந்தனையாக எழுதவேண்டும்.