நீலப் புகை சொல்லும் செய்தி

மோட்டார் வண்டியின் பின்னால் நீலநிறப் புகை எழுமாயின், அதனைக் கண்டவர் பலரும் கூறும் தீர்ப்பு ஒன்றே: "எஞ்சின் ஒயில் குடிக்கிறது; இறக்கித்தான் செய்ய வேண்டும்." இத்தீர்ப்பின் முற்பகுதி பெரும்பாலும் சரியானது. பிற்பகுதியோ பல வேளைகளிற் பிழையானது. ஒரு சிறு இறப்பர் வளையத்தை மாற்றுவதனால் தீரக்கூடிய குறைக்காக, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் வீட்டிலுள்ள நகையை அடகு வைத்து முழு எஞ்சினையும் பிரித்துச் செய்விப்பாராயின், அந்த நட்டம் புகையினால் வந்ததன்று. புகையை விசாரியாது விட்டதனால் வந்தது. ஆகையால், நீலப் புகையைக் கண்டவுடன் "என்ன செலவாகும்?" என்று கேட்பதற்கு முன்னர், "எப்பொழுது வருகிறது?" என்று கேட்டல் வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

முதலில் நிறத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். பெற்றோல் எஞ்சினில் கரும்புகை வருமாயின், காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் செல்கிறது என்பது பொருள். காலையில் எஞ்சினை முடுக்கியதும் வெண்புகை தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தால், அது சைலன்சர் குழாயில் தங்கிய ஈரம் ஆவியாவதே; அஞ்சவேண்டியதில்லை. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் வெண்புகை நீங்காமல், றேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டு வருமாயின், நீர் எஞ்சினுக்குள் கசிகிறதென ஐயுற வேண்டும். நீலப் புகை எண்ணெயின் அடையாளம். முற்றும் எரியாத எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக வெளிவருகின்றது. அத்துளிகள் சூரிய ஒளியிலுள்ள நீலக் கதிர்களையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. ஆதலின், கரிய பின்னணியில் நோக்கும்போது இந்நீலம் நன்கு புலப்படும். வெளுத்த வானத்தை எதிரே வைத்து நோக்கினால் அதே புகை சற்றுப் பழுப்பாகத் தோன்றுவதும் உண்டு. பழைய இரண்டடிப்பு முச்சக்கர வண்டிகளில் எரிபொருளோடு ஒயிலையும் சேர்த்தே எரிப்பதால், அவற்றின் நீலப் புகை இயல்பானது. நாம் இங்கு பேசுவது நான்கடிப்பு எஞ்சின் பூட்டிய கார்களைப் பற்றியே.

இனி, எண்ணெய் எவ்வழியாகத் தீயிடம் செல்கிறது? எஞ்சினின் அடிப்பாத்திரத்தில் இருக்கும் ஒயில், உராயும் உறுப்புகள் அனைத்துக்கும் சென்று திரும்ப வேண்டியது. பெற்றோல் எரியும் அறைக்குள் அது நுழையக்கூடிய வாசல்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று கீழ்வாசல். பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உள்ளன. அவற்றுள் அடியிலுள்ள வளையம் சிலிண்டர்ச் சுவரில் படிந்த ஒயிலை வழித்துக் கீழே விடுகிறது. வளையங்கள் தேய்ந்தாலும், கரி பிடித்து இறுகினாலும், சிலிண்டர்ச் சுவரே தேய்ந்தாலும் கீழ்வாசல் திறந்துகொள்ளும். மற்றது மேல்வாசல். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலுக்குள் ஒயில் அளவுக்கு மிஞ்சி இறங்காதபடி சிறு இறப்பர் வளையம் காவலிருக்கின்றது. வெப்பத்தினால் அது இறுகி வெடித்தால், அல்லது குழல் தேய்ந்தால், மேல்வாசல் திறந்துகொள்ளும். கீழ்வாசலை அடைப்பதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும். மேல்வாசலை அடைப்பது பெரும்பாலும் அதனிலும் மிகச் சிறிய வேலை. ஆகவே எந்த வாசல் என்று அறிவதிலேயே பணம் தங்கியுள்ளது.

இங்குதான் "எப்பொழுது?" என்னும் வினா உதவுகின்றது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கும்போது குபீரென ஒருமுறை நீலப் புகை வந்து, பின் ஓய்ந்துவிடுகிறதா? அவ்வாறாயின், இரவில் ஒயில் வால்வுத் தண்டு வழியே துளித்துளியாக இறங்கித் தேங்கியிருக்கிறது. மேல்வாசலையே ஐயுற வேண்டும். இரண்டாவது சோதனை மலைப்பாதையில். கண்டியிலிருந்து கொழும்பு நோக்கி வருகையில் கடுகண்ணாவை இறக்கத்தில், சிறிய கியரில், அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்தபடி இறங்குகிறோம். அப்பொழுது காற்று வரும் வழி அடைபட்டிருப்பதால் உள்ளே உறிஞ்சும் விசை மிகுகின்றது. அது வால்வுத் தண்டு வழியே ஒயிலை இழுக்கின்றது. இறக்கம் முடிந்து மறுபடி காலை அழுத்தியவுடன் பின்னால் நீலப் புகை திரண்டெழுமாயின், அப்பொழுதும் பெரும்பாலும் மேல்வாசலே குற்றவாளி. மூன்றாவது, இதற்கு எதிரானது. மேட்டில் ஏறும்போதும் பாரத்தோடு விரையும்போதும் புகை விடாமல் தொடர்ந்து வந்து, காலை எடுத்ததும் குறைகிறதா? அப்படியாயின் கீழ்வாசலை, அதாவது வளையங்களையும் சிலிண்டரையும் ஐயுறலாம். டீசல் வண்டிகளுக்கு இந்த இறக்கச் சோதனை பொருந்தாது. அவற்றிற் பெரும்பாலானவற்றில் காற்றுவழியை அடைக்கும் ஏற்பாடு அவ்வாறு இல்லை.

புகையின் நேரம் ஐயத்தைத் தருமேயன்றி முடிவைத் தராது. முடிவுக்கு வேறு சாட்சிகள் வேண்டும். முதலில் ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, எஞ்சின் மூச்சுவிடும் குழாயையும் அதன் வால்வையும் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் பெருகி ஒயிலை வேண்டாத வழிகளில் தள்ளும். சிறு செலவில் நீங்கும் இக்குறைகளுக்காக எஞ்சினை இறக்குவது பேதைமை. பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்குரியது என்பது மாறாமல் வரிசையாக வையுங்கள். ஒன்றுமட்டும் ஈரமாகவும் கறுப்பாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருந்தால், குறை அந்தச் சிலிண்டரிலேயே உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் அது பெற்றோல் மிகுதியின் அடையாளம், ஒயிலைச் சாராதது.

அதன்பின், கராஜில் அமுக்கமானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாயிருக்க வேண்டும். பிளக்குகள் யாவும் கழற்றப்பட்டு, அக்ஸிலறேற்றர் முழுதும் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். மூன்று சிலிண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் காட்ட, நான்காவது 100 மட்டுமே காட்டுகிறதென வைத்துக்கொள்வோம். அந்த நான்காவதனுள் ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக உயர்ந்தால் வளையமும் சுவரும் தேய்ந்துள்ளன. ஊற்றிய ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது. உயராவிட்டால் வால்வு முதலியவற்றிலேயே கசிவு உள்ளது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: அமுக்கம் சரியாயிருப்பதனால் மட்டும் வளையங்கள் குற்றமற்றவை என்று கொள்ளலாகாது. அமுக்கத்தைத் தாங்கும் மேல்வளையங்கள் நல்ல நிலையில் இருக்க, ஒயிலை வழிக்கும் கீழ்வளையம் மட்டும் கரியில் இறுகிப்போதலும் உண்டு. காலத்தில் ஒயில் மாற்றாத வண்டிகளில் இது நேரும்.

ஒயில் உண்மையிற் குறைகிறதா என்பதையும் கணக்கிட்டு அறிய வேண்டும். வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்களின் பின் அளவுகோலைப் பாருங்கள். ஊற்றிய அளவையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை செல்லலாமெனச் சில கார்களின் கைநூல்களே கூறுகின்றன. ஆயினும் நல்ல எஞ்சின் அதனிலும் மிகக் குறைவாகவே குடிக்கும். இரவில் வண்டியின் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்துவைத்தால், ஒயில் எரிகிறதா, ஒழுகுகிறதா என்பதும் தெரியவரும்.

அளவுகோலும் சில வேளை ஏமாற்றும். 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் போன்ற பழைய கார்கள், சிறிது பெற்றோல் விட்டு முடுக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு அடிப்பாத்திரத்தில் இறங்கி ஒயிலோடு கலக்கும். அதனால் ஒயில் எரிந்துகொண்டிருந்தும் அளவுகோலில் மட்டம் குறையாது நிற்கக்கூடும். மிஞ்சியிருக்கும் ஒயிலோ நீர்த்துப்போய் உறுப்புகளைக் காக்கும் வலிமையை இழக்கும். எனவே அளவை மட்டுமன்றி, விரலிடையே தொட்டு ஒயிலின் தடிப்பையும் மணத்தையும் அறிதல் நன்று. எரிபொருள் மணம் வீசினால் அந்த ஒயிலை உடனே மாற்றிவிட வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே கைமாறின; இன்றும் பலருக்கு அவையே கதி. பழைய கார் வாங்கச் செல்வோர், விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருக்கிறாரா என்று பொனற்றைத் தொட்டுப் பார்த்தறிதல் வேண்டும். சூடாயிருந்தால் மறுநாட் காலையில் மீண்டும் செல்லுங்கள். தடித்த ஒயிலை ஊற்றினால் புகை சில நாட்களுக்கு அடங்கும், குறை அடங்காது.

சிறிது புகைதானே என்று அசட்டை செய்வதும் தகாது. ஒயில் மட்டம் இறங்கி வற்றினால் பேரிங்குகள் அழியும். அப்பொழுது உண்மையாகவே எஞ்சினை இறக்க நேரிடும். புதிய கார்களில், எரிந்த ஒயிலிலுள்ள பொசுபரசு புகையைத் தூய்மையாக்கும் கருவியையும் கெடுக்கும். ஆகவே, குறை தீரும்வரை கிழமைக்கொருமுறை அளவுகோலைப் பார்த்து, குறைந்ததை நிரப்பி ஓட்டுங்கள்.

கராஜுக்குச் செல்லும் நாளில், "புகை வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காலையில் ஒருமுறை வருகிறது, ஏற்றத்தில் வருவதில்லை, மூன்றாவது பிளக் ஈரமாயிருக்கிறது, 1,000 கிலோமீற்றருக்கு இவ்வளவு ஒயில் செல்கிறது" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டு மகிழ்வார்; மற்றவர் தம் தீர்ப்பைச் சொல்லுமுன் ஒருகணம் யோசிப்பார்.