எலும்பு முறிவிலும் நிற பேதம்



வயதானவர் தவறி விழுந்தால் இடுப்போடு சேரும் தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இப்படி இடுப்பு முறிபவர்கள் 4 பேரில் சுமார் 3 பேர் பெண்கள். மாதவிடாய் நின்றபின் பெண்ணின் எலும்பு விரைவாகத் தேய்வதே முக்கியக் காரணம். 70 வயதைத் தாண்டினால் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது.

அங்கே வெள்ளைப் பெண்களுக்கே முறிவு அதிகம். கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ அதில் பாதிதான். அவர்களது எலும்பு சராசரியாக அடர்த்தி மிக்கது.

அப்படியானால் கறுப்பினத் தாய்மார் தப்பிவிட்டார்களா? இல்லை! முறிந்தபின் கணக்கு தலைகீழாகிறது. ஆஸ்பத்திரியில் அதிக நாள் கிடப்பவர்கள் அவர்கள். நடக்க முடியாமல் வீடு திரும்புவோரும் சாவோரும் அவர்களிலேயே அதிகம். கறுப்பின நோயாளிகளுக்கு ஆபரேஷனும் தாமதமாகிறது. "இவர்களுக்கு எலும்பு முறியாது" என்ற அலட்சியத்தால் முன்கூட்டிய எலும்புச் சோதனையும் குறைவு.

65 வயதானோருக்கு மெடிகேர் என்ற அரசாங்க இன்ஷூரன்ஸ் 1965-ல் சட்டமாயிற்று. ஆயினும் பேதம் ஒழியவில்லை. எலும்பின் பலம் உடலைப் பொறுத்தது. ஆபரேஷன் தாமதமாவதோ சமுதாயத்தின் குற்றம்!

ஆகவே தோழர்களே, விழுந்து எழமுடியாத முதியவரைச் சுளுக்கு என்று எண்ணெய் தடவிப் படுக்கவைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். 2 நாட்களுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது. உழைத்து ஓய்ந்தவருக்குக் காலத்தில் வைத்தியம் கிடைப்பது உரிமை. அதை ஒன்றுபட்டுக் கேட்போம்!