பிந்தித் திறந்த கதவு

நேயர்கள் கிரிக்கெட்டை நன்கறிவர். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலே மட்டைக்காரருக்கு எறியப்படும் பந்து வழக்கமாக நிலத்திற் படுவதில்லை. ஏறக்குறைய 60 அடி தூரத்தில் நிற்கும் மட்டைக்காரரை எறிபவர் தம் கைத்திறனாலேயே ஏமாற்றல் வேண்டும். அவ்வித்தையில் நிகரற்று விளங்கியவர் சச்செல் பேய்ஜ்.

1906இல் அலபாமா மாநிலத்து மொபீல் நகரிற் பிறந்த அவர் கறுப்பினத்தவர். ஆகவே, பெரிய லீக்குகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. 1926 முதல் நீக்ரோ லீக் அணிகளுக்காக ஊர் ஊராய்ச் சென்று எறிந்தார். 1947இல் ஜக்கி ரொபின்சன் அத்தடையை உடைத்தபோது, முதலழைப்புத் தமக்கு வரவில்லையே என்ற மனத்தாங்கல் பேய்ஜுக்கு இருந்தது. இருத்தல் இயல்பே.

1948 யூலையிலே கிளீவ்லாந்து அணி அவரை ஏற்றது. வயதோ 42! அப்பருவத்தில் ஆறு ஆட்டங்களை வென்றார், ஒன்றிலேயே தோற்றார். அவ்வணி அவ்வாண்டு உலகத் தொடரையும் வென்றது.

1965இல் கன்சாஸ் நகர அணியார், 59 வயதான அவரை ஓர் ஆட்டத்துக்கு அழைத்து, கூட்டஞ் சேர்க்கும் வேடிக்கையாகச் சாய்ந்தாடுங் கதிரையில் இருத்தினர். அவர் எழுந்து சென்று மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். பொஸ்டன் அணியினருக்குக் கிடைத்தது ஒரேயொரு நல்ல அடி; ஓட்டம் ஒன்றுமில்லை.